கதவில் பதினான்கு எழுத்து

பீட்டர்ஹெட் துறைமுகம், மீன் தொழிற்சாலை.
மூன்றாம் எண் குளிரறைக் கதவில்
யாரோ விட்டுப்போன காந்த எழுத்துகள்,
சிவப்பு, மஞ்சள், கொஞ்சம் பச்சை.

எனக்குப் பகல் ஷிப்டு.
ஹாடாக் மீன் துண்டுகளில் மிச்ச முள் தேடுவது வேலை.
இல்சேக்கு இரவு.
லாட்வியாக்காரி, கையுறை அளவு சின்னது.
அலமாரி இருவருக்கும் ஒன்று என்பதால்
இவ்வளவு தெரியும். முகம் தெரியாது.

ஆரம்பித்தது நான்தான்.
டீ ஆறுகிற நேரத்தில் சும்மா
எனுமரேஷன் என்று அடுக்கினேன். பதினோரு எழுத்து.
லேபிள் தாளில் பொருளும் எழுதினேன்:
'எண்ணுதல். நாளுக்கு நாலாயிரம் மீன்,
ஒன்றுகூட உன்னுடையது இல்லை.'

மறுநாள் காலை அதே பதினொன்றும்
மவுண்டனியர் என்று நிற்கின்றன.
கூடவில்லை, குறையவில்லை.
பேனாவை அழுத்தி எழுதியிருந்தாள்:
'மலை ஏறுபவர். எங்கள் நாட்டில் மலை கிடையாது.
முந்நூறு மீட்டரில் ஒரு மேடு,
ஞாயிற்றுக்கிழமை அதில் கூட்டம்.'

விதி என்று யாரும் சொல்லவில்லை.
வைத்த எழுத்துக்குள்ளேயே புரள வேண்டும்,
அகராதியைப் பார்த்துப் பொருள் எழுதினால் தோல்வி,
அவ்வளவுதான்.

ஆன்டகனிஸ்ட் வைத்தேன்:
'எதிராளி. போர்மன் ஸ்ட்ரக்கன், திங்கட்கிழமைகளில்.'
ஸ்டாக்னேஷன் ஆக்கினாள்:
'தேங்கிக் கிடத்தல். ஸ்ட்ரக்கன், மற்ற நாட்களில்.'
ஸ்ட்ரக்கன் வந்து இரண்டையும் படித்தார்.
காந்தத்தைத் துடைத்து வையுங்கள், சுகாதார ஆய்வு வருகிறது என்றார்.

பர்கஷன்: 'தகரக் கூரையில் ஆலங்கட்டி.'
சூப்பர்சானிக்: 'சத்தத்துக்கு முன்பே வந்து சேர்வது.
அம்மாவின் கவலை.'
அன்று முழுக்க ரிகாவிலிருந்து பறந்துவரும்
ஒரு கவலையை நினைத்துக்கொண்டே
முள் எடுத்தேன்.

நவம்பரில் அந்தப் பதினான்கு.
அன்டிஃபைனபிலிட்டி.
பொருள் எழுதி அடித்திருந்தாள்,
மறுபடி எழுதி மறுபடி அடித்திருந்தாள்.
அடித்ததுதான் பொருள் என்று புரிய
எனக்கு மதியச் சாப்பாடு வரை ஆயிற்று.

விடை நான்கு நாள் வரவில்லை.
பேருந்து ஜன்னலின் ஆவியில் எழுதினேன்,
இறங்கும் இடத்தைத் தவறவிட்டேன்.
மூன்றாம் நாள் ஒரு மஞ்சள் ஐ கழன்று
மீன் பெட்டிக்குள் விழுந்து
பனிக்கட்டியோடு பிரான்சுக்குப் போய்விட்டது.
எந்த ஊர்ச் சந்தையிலோ யாரோ ஒருவர்
அதைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

காலி இடத்தில் ஒரு முள்ளை டேப் போட்டு ஒட்டினேன்.
ஒன்பது வருஷத்தில்
எறியாமல் வைத்துக்கொண்ட ஒரே முள்.

பிறகு தானாக விழுந்தது:
அன்ஐடென்டிஃபையப்ளி.
'அடையாளம் தெரியாதபடி.
தலைவலை, முகமூடி, வெள்ளைக் கோட்டு,
வாசலில் நீயும் நானும் கடந்துபோகிற விதம்.'

டிசம்பரில் ஷிப்டு மாறும் நேரம் பார்த்துத் தீயணைப்பு மணி.
பகலும் இரவும் கார் நிறுத்துமிடத்தில்,
அறுபது வெள்ளைக் கோட்டு.
சின்னக் கைகளைத் தேடினேன்.
வடகடல் காற்று.
அறுபது பேர் கையும் பைக்குள்.

திங்கட்கிழமை கான்வர்சேஷன் வைத்தேன்.
காந்த ஐ இரண்டு மீதி இருந்தும்
முள்ளைத்தான் வைத்தேன்.
பொருள் எழுதும் இடத்தைக் காலியாக விட்டேன்.

காலையில் இரண்டே எழுத்து இடம் மாறியிருந்தன.
கான்சர்வேஷன்.
'கெடாமல் வைத்தல்.
மீனுக்கு உப்பு போதும். இதற்குத் தெரியவில்லை.
ஆறு மணி, பேருந்து நிறுத்தம், பத்து நிமிஷம் நிற்பேன்.'

படித்தபோது மணி ஆறு நாற்பது.
எந்த நாள் என்று எழுதவில்லை.
ஸ்ட்ரக்கன் கூப்பிடுகிறார், முதல் பெட்டி வந்துவிட்டது.
கையுறை மாட்டுவதற்கு முன்
போனில் அலாரத்தை ஐந்துக்கு வைத்தேன்,
எல்லா நாளும் என்பதை அழுத்தினேன்.