தீர்மானம் எண் நான்கு

நீரோடியில்
கடைசி மின்கம்பம் தமிழ்நாட்டுடையது.
அடுத்தது பொழியூர்க்காரர்களுடையது.
நடுவில் ஒரு நாய் படுத்திருக்கும்,
இரண்டு பக்கத்து மீன்தலையும் தின்னும்.

கடல்விளக்கு கிளப்பில் ராத்திரி ஒன்பதுக்குக் கூட்டம்.
உப்புக்காற்றில் கோப்பைகளின் காதுகள் துருவேறியிருந்தன.
மினிட்ஸ் நோட்டு என் மடியில்.
ஒன்று, சென்ற மாதக் கணக்கு.
இரண்டு, கோல்வலைக்கு நைலான்.
மூன்று, ஃபிளட்லைட் வாடகை.
நான்கு என்று போட்டுவிட்டுப்
பெயரை எழுதாமல் நிறுத்தினேன்.
வந்ததிலிருந்து எல்லோரும்
அதைப் பேசாமல்தான் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

மெல்கியாஸ்.
வயது முப்பத்தெட்டு இருக்கும், முப்பத்துநாலு என்கிறான்.
வலது முட்டி படியேறும்போது சத்தம் போடும்.
இடது கால் மட்டும் இன்னும்
சாளைமீன் மாதிரி சட்டென்று திரும்பும்.
கொல்லங்கோடு செமி ஃபைனலில்
பெனால்டியைத் தென்னைக்கு மேலே அடித்தவன்.
அடுத்த வாரம் புது பைக்கில் வந்தவன்.
யாரும் நிரூபிக்கவில்லை.
தவணையில் எடுத்தானா என்று
யாரும் கேட்கவும் இல்லை.

கிளீட்டஸ் ஆரம்பித்தார்:
"நாம எடுக்கலேன்னா பொழியூர்க்காரன் எடுப்பான்.
பெறவு நம்ம வலையில அவன் பந்து."
சூசைநாயகம் கண்ணாடியைத் துடைத்தபடியே:
"காலுக்குக் கூலி குடுக்கலாம்வே.
கூட வாற மனசுக்கு யாரு ஜாமீன்?"
சின்னப்பையன் ஜெரோன்:
"அவரு ஓடவே வேண்டாம், நின்னா போதும்,
டிக்கெட்டு வித்துரும்."
பெண்பிள்ளைகள் அணிக்குக் கோச், பியூலா:
"எங்க பிள்ளைங்களுக்கு ஆறு மாசமா பூட்ஸ் இல்ல.
அந்த மனுசனுக்கு ஒரு மேட்ச்சுக்கு எட்டாயிரமா?"
மின்விசிறி மட்டும் பதில் சொன்னது.
நான் எழுதினேன்: பூட்ஸ், ஆறு மாதம்.
அடியில் கோடு போட்டேன்.
மினிட்ஸில் அப்படி வழக்கமில்லை.

கை தூக்கியதில் நாலுக்கு நாலு.
பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.
என் முன்பல் இல்லாத இடத்தைப் பார்த்தார்கள்
என்பதுதான் சரி.
லைன்ஸ்மேனாகக் கொடி தூக்கிய அன்று
அவன் கையை மடக்கி விட்ட குத்தில் போனது.
ஆஃப்சைடுதான்.
இன்றைக்குக் கேட்டாலும் ஆஃப்சைடுதான்.

வெறுப்பு இருக்கிறதா என்று
நாக்கால் அந்த ஓட்டையைத் தொட்டுப் பார்த்தேன்.
காற்றுதான் இருந்தது.
கூடவே, ஒரு ஆடிமாதச் சேற்றில்
மூன்று பேரைப் படுக்கவைத்துவிட்டு
அவன் அடித்த ஒரு கோல்.
அது எப்படி என் வாய்க்குள் வந்தது?

"எடுக்கலாம்" என்றேன்.
"முன்பணம் கிடையாது. கூலியில பாதி பூட்ஸுக்கு."
பியூலா நாற்காலியைப் பின்னால் இழுத்தாள்.
சம்மதமா கோபமா தெரியவில்லை.

பத்தரைக்கு வந்தான். செருப்பை வெளியே கழற்றினான்.
பாதிக் கூலி என்றபோது தலையாட்டினான்.
என் பக்கம் திரும்பி,
"பல்லு கட்டலையா அண்ணே?"
"இல்ல."
"கட்டுங்க."
அவ்வளவுதான் மன்னிப்பு,
அது மன்னிப்பாக இருந்தால்.

பதிவுப் படிவத்தை நீட்டினேன்.
பிறந்த தேதிக் கட்டத்தில் பேனா நின்றது.
வள்ளம் ஒன்று கரையேறும் சத்தம்,
ஏலேலோ சொல்ல ஆளில்லாமல் வெறும் மோட்டார்.
பிறகு எழுதினான்.
கணக்குப் போட்டுப் பார்த்தோம்.
அவன் சொன்னதுமில்லை, நாங்கள் சொன்னதுமில்லை,
நாற்பத்தொன்று.
ஜெரோன்கூடச் சிரிக்கவில்லை.
கிளீட்டஸ் தன் முட்டியைத் தடவிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை அரையிறுதி,
அதே கொல்லங்கோட்டு மைதானம், அதே தென்னை.
தீர்மானம் எண் நான்கு
ஐந்துக்கு நாலு என்று நிறைவேறியது.
பெனால்டி கிடைத்தால் யார் அடிப்பது என்று
யாரும் கேட்கவில்லை.
நானும் எழுதவில்லை.