இடது தோள்

பன்றியில் எனக்குத் தெரிந்தது
இடது தோள் மட்டும்.

வடக்கு ஜெர்மனியில், நான்கு டிகிரிக் குளிரில்
கொக்கிகளில் தலைகீழாக வந்துகொண்டே இருக்கும்.
ஒன்றுக்கு ஒன்பது நொடி.
கத்தியை இறக்கி, மூட்டைத் திறந்து, விட்டுவிட வேண்டும்.
வலது தோள், எதிரே நிற்கும் பல்கேரியக்காரன் ஸ்தொய்ச்சோவுக்கு.
தொடை யாருக்கோ. குடல் வேறு கூடத்தில்.
காதடைப்பு தந்திருக்கிறார்கள்,
அதுவும் இயந்திர இரைச்சலுக்குத்தான்.
பன்றிகள் சத்தமில்லாமலே எங்களிடம் வந்து சேரும்.
ஒரு ஷிப்டுக்கு மூவாயிரம்.

இரவில் தொவாதெர் போனைத் தூக்கிக்கொண்டு
கொட்டிலுக்குப் போவான்.
பார், எப்படித் தின்கிறது பார்.
தவிடு ஒட்டிய மூக்கு திரையை அடைத்துக்கொள்ளும்.
பெயர் வைக்காதே என்று
மகளிடம் முன்பே சொல்லியிருந்தேன்.
வைக்கவில்லை அம்மா, என்றாள் இலிங்கா.
ஆனால் ஒருநாளும் 'அது' என்று சொன்னதில்லை.
அவன் தூங்குகிறான்.
அவனுக்குக் குளிருகிறது.

இரண்டு கிழமைக்கு ஒரு மூட்டை தீவனம்.
மூட்டையின் மேல் நீல முத்திரை;
எங்கள் ஆலை வாசலில் நிற்கும் லாரிகளிலும்
அதே நீலம்.
இதைத் தொவாதெரிடம் சொல்லவில்லை.
வீட்டுப் பன்றிக்கு வீட்டுத் தீனிதான் என்று
ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

இக்னாத் நாளுக்கு முதல்நாள் வந்திறங்கினேன்,
முப்பது மணி நேரப் பேருந்து.
பெட்டியில் பிள்ளைகளுக்கு ஆலையின் சாசேஜ்,
தொழிலாளர் தள்ளுபடியில், பதினாறு பொட்டலம்.

விடியும் முன் நான்கு பேர் இழுத்து வந்தார்கள்.
அந்த ஓலம்
ஆற்றைத் தாண்டி எதிர்மலையில் மோதித் திரும்பியது.
மூவாயிரத்தால் பெருக்கிப் பார்த்தேன்.
பாதியில் விட்டுவிட்டேன்.

வைக்கோல் போட்டு மயிரைப் பொசுக்கி
நெற்றியில் சிலுவை கீறி
மேலே போர்வை விரித்தார்கள்.
பிள்ளைகள் வழக்கம்போல் ஏறி உட்கார்ந்தார்கள்.
இலிங்கா ஏறவில்லை.
காதை அறுத்துக் கொடுத்தபோது மட்டும் வந்து
மென்று பார்த்து,
அவன் காதுக்கு உப்பு போதவில்லை, என்றாள்.

ஆலைக்காரி கையைக் காட்டட்டும், என்றான் காவ்ரில்.
என்னைவிடப் பத்து வயது இளையவன், கல்கொத்தன்,
டிசம்பரில் மட்டும் கசாப்பு.
இடது தோளை எடுத்தேன்.
ஒன்பது நொடி.
ஒருவன் விசிலடித்தான். தொவாதெர் எல்லாருக்கும் சாராயம் ஊற்றினான்.
பிறகு மறுபக்கம் வந்தேன்.

கத்தி நின்றது.
மணிக்கட்டு தானாக இடப்பக்கம் திரும்பியது,
பூட்டிய வீட்டின் முன்
வேறு வீட்டுச் சாவியோடு நிற்பதுபோல.
யாரும் சிரிக்கவில்லை. அதுதான் பொறுக்கவில்லை.
காவ்ரில் கத்தியை வாங்கிக்கொண்டான்.
அறுத்தான், நிறுத்தினான், ஒரு மடக்கு குடித்தான்,
மைத்துனன் வாங்கிய டிராக்டரைத் திட்டினான்,
மீண்டும் அறுத்தான்.
வலது தோளுக்குக் கால் மணி நேரம்.

மத்தியானம் கொழுப்பில் வறுத்த துண்டுகளும்
சோளக்களியும், வந்தவர்க்கெல்லாம்.
சின்னவன் நெலு தட்டைத் தள்ளிவிட்டு
பெட்டியில் இருந்ததைக் கேட்டான்.
இதுதான் நல்லாயிருக்கு அம்மா,
எலும்பே வராது.
பொரித்துக் கொடுத்தேன்.
என் ஆலையின் பெயரைத்
தொண்டை காட்டி விழுங்கினான்.

ஜனவரி ஏழு, காலை ஆறு மணி ஷிப்டு.
கை எதையும் மறந்திருக்கவில்லை.
ஒன்பது நொடி, ஒன்பது நொடி.

இடைவேளை இருபது நிமிடம்.
லாக்கரில், செய்தித்தாளில் சுற்றிய
புகைபோட்ட இறைச்சி.
மேசைக்கு மறுபக்கம் ஸ்தொய்ச்சோ
பிளாஸ்டிக் உறையைப் பல்லால் கிழித்துக்கொண்டிருந்தான்.
ஒரு துண்டு வெட்டி நீட்டினேன்.
நெடுநேரம் மென்றான்.
இது எந்த இடம், என்று கேட்டான்.

உன் பக்கம், என்றேன்.