வில்லங்கம் இல்லை

முப்பது வருடத்து வில்லங்கச் சான்றை
பைக் சீட்டின் மேல் விரித்தார் புரோக்கர் சோணைமுத்து.
சுத்தம். ஒரு கீறல் கிடையாது.
செல்லூர் கண்மாய்ப் பக்கம், மூன்று போர்ஷன்,
மூன்றிலும் ஆள் இருக்கிறது.
வாடகை பதினாலாயிரம் வரும்,
தவணை இருபத்திரண்டு போகும்.
நடுவில் கிடக்கும் எட்டாயிரத்தைப்
பல்லைக் கடித்துக் கட்டிவிடலாம்.

நான் எக்ஸ்ரே எடுக்கிறவள்.
"மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று
தினம் எழுபது பேரிடம் சொல்கிறவள்.
வாசலில் நின்றதும் கூரையைத்தான் பார்த்தேன்.

சாம்பல் நிற அலை ஷீட்டு.
எண்பத்தாறில் போட்டதாம்.
ஓரம் நைந்து இழை தெரிந்தது,
பழைய துண்டின் கரைபோல.
கல்நார்.
கல்லா நாரா என்று அதற்கே தெரியாது.
நெஞ்சுக்குள் நுழைந்துவிட்டால் முப்பது வருடம்
வாடகை தராமல் குடியிருக்கும்,
காலி செய்யச் சொல்ல எந்தக் கோர்ட்டும் இல்லை.

"நீங்களா மேடம் குடியிருக்கப் போறீங்க?"
சோணைமுத்து சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

கொத்தனாரிடம் கேட்டிருந்தேன்:
நனைத்து, உடையாமல் இறக்கி,
தகரம் போட ஒன்றே முக்கால் லட்சம்.
இறக்கினதை எங்கே போடுவீர்கள்?
"அதுக்கென்ன, ராத்திரி வைகையில தள்ளிட்டா
விடியறதுக்குள்ள யாருக்குத் தெரியும்."

சொந்தக்காரர் விலையில் இரண்டு குறைக்கமாட்டார்.
அவர் அப்பா இதற்கடியில்தான்
எண்பது வயசுவரை இருந்தாராம்.
எப்படி இருமினார் என்று நான் கேட்கவில்லை.

நடு போர்ஷனில் மரியபுஷ்பம்
இட்லி மாவு கரைத்துக்கொண்டிருந்தாள்.
கூரைமேல் அவள் மகன்
டிஷ் ஒயருக்குத் துளை போடுகிறான்.
வெயில் ஒரு கம்பியாக உள்ளே இறங்க
அதில் வெள்ளையாய்த் தூள் மிதந்து
மாவின்மேல் உட்கார்ந்தது.
பூவென்று ஊதிவிட்டு
தட்டால் மூடினாள்.

அப்போதுதான் தெரிந்தது
வந்ததிலிருந்து நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது.

துளை போட வேண்டாம், அந்தத் தூள் கெடுதல் என்றேன்.
அவள் கூரையைப் பார்க்கவில்லை,
என் கைப்பையைப் பார்த்தாள்.

"புது ஓனரா?
ஷீட்டை மாத்துனா வாடகை ஏறுமாக்கா?
ஐநூறு ஏறினாலும்
நாங்க சமயநல்லூர் பக்கம் போயிரணும்.
இவன் ஸ்கூல் இங்க."

பையில் அட்வான்ஸ் இருபதாயிரம்,
ரப்பர் போட்டுக் கட்டியது.
வாங்கினால் அந்தத் தூள் என் பேரில் பதிவாகும்.
வாங்காவிட்டால்
கண் தெரியாத வேறொருவர் பேரில்.
வில்லங்கச் சான்றில் இரண்டுக்கும் கட்டம் இல்லை.

மேலே இருந்து பையன் கத்தினான்:
"அம்மா, படம் வருதா?"

"இன்னும் வரலடா" என்றாள்.