இருபத்து மூன்று பன்றிகள்

எடைமேடைச் சீட்டில்
‘பொருள்’ என்ற கட்டத்துக்குள் என்ன எழுத
என்று கொலீன் கேட்டாள்.
லொறியின் முதுகில், தார்ப்பாய்க்கு வெளியே,
நீண்ட மூக்கு.
இறக்கை கழற்றியாயிற்று. எஞ்சினும் இல்லை.
கொஞ்சம் யோசித்து
‘கலப்புக் கழிவு’ என்று எழுதினாள்.

இப்ஸ்விச்சுக்கு வெளியே ஸ்வான்பேங்க்.
நிலக்கரி எடுத்த பள்ளத்தில்
இப்போது ஊர்க்குப்பை.
நான் இங்கே மண் அள்ளும் இயந்திரம் ஓட்டுகிறேன்.
பெயரில்தான் அன்னம்;
குப்பை கிண்டுவதெல்லாம் அரிவாள்மூக்கன்.

வேலியருகே ஒரு மனிதர், நோயல் பிராட்டன்.
ஆம்பர்லி தளத்தில் பத்தொன்பது வருடமாம்.
பார்க்க அனுமதி இல்லை என்றேன்.
‘பார்க்கவில்லை, நிற்கிறேன்’ என்றார்.

‘அறுபத்து மூன்றில் கேட்டது
எழுபத்து மூன்றில் வந்தது.
இறக்கை திரும்பும் இடத்தில் கீறல்,
அது தீரும்வரை காத்திருந்தோம்.
நாங்கள் இதைப் பன்றி என்போம்.
இருட்டில் நிலத்தை மோந்துகொண்டே போகும்.
மேடு வந்தால் தானே ஏறும்
பள்ளம் வந்தால் தானே இறங்கும்
உள்ளே இருவர், தோளோடு தோள்,
கையை மடியில் வைத்தபடி.’

பிறகு இரண்டு கையையும் விரித்தார்:
‘இது பதினாறு பாகை, இறங்குவதற்கு.’
பின்னால் இழுத்தார்:
‘இது எழுபத்திரண்டரை,
ஒலியை இரண்டு மடங்கு முந்துவதற்கு.’
வலது கை போனது.
இடது தோள் பாதியில் நின்றுவிட்டது.

எரிபொருளுக்குத் தனித்தொட்டி கிடையாதாம்,
உடம்பேதான் தொட்டி.
பொருத்தெல்லாம் கசியும்.
பழைய பசையைக் கரைத்துச் சுரண்ட
உள்ளே தவழ்ந்து போக ஒல்லியான ஆள் தேவை.
‘நான் ஒல்லி’ என்றார்.
அந்த மருந்தின் நாற்றம் குளித்தும் போகாது.
மனைவி அவர் தலையணை உறையைத் தனியாய்த் துவைத்தாள்.
பிறகு தனியாய்ப் படுத்தாள்.
பிறகு டூவும்பாவுக்குப் போய்விட்டாள்.

வருடா வருடம் பிரிஸ்பேன் ஆற்றின் மேலே
வாலில் எரிபொருளைக் கொட்டி நெருப்பு வைத்துப் பறக்கும்.
பிள்ளைகள் தோளில் ஏறிக் கை தட்டும்.
ஒருமுறை நானும் கரையில் நின்றேன்,
வந்த புதிது.
சத்தம் வந்ததும்
என் கால் என்னைக் கேட்காமல்
ஒரு குளிர்பானப் பெட்டிக்கடைக்குப் பின்னால் குந்தியது.
பக்கத்தில் ஒருத்தி ‘காசு விழுந்ததா?’ என்றாள்.
ஓம் என்றேன். தேடினேன்கூட.

நோயலிடம் ஒன்றுதான் கேட்டேன்:
எங்காவது போட்டதா?
‘பயிற்சியில் போட்டது. சண்டையில்
ஒருமுறைகூட இல்லை’ என்றார்.
பெருமையா, குறையா,
குரலில் பிடிபடவில்லை.

அன்னம் மேலே போனது, பன்றி கீழே போனது,
இரண்டுக்கும் எல்லை தெரியவில்லை என்று கதை.
எனக்குத் தெரிந்த அளவு
எட்டடி நீளம், நாலடி அகலம்,
மேலே பனங்குற்றி, அதற்கு மேலே மண்மூட்டை.
ஆறு பேர் மூச்சை அடக்கினால் போதும்.
விசுவமடுவில் அப்படி மூன்று வெட்டினேன்.
விமானம் மேலே, நாங்கள் குழியில்.

முதல் வாளி மண்ணை
மூக்கின் மேல் கொட்டவில்லை,
பக்கத்தில் சரித்தேன்.
ஏனென்று மேற்பார்வையாளன் கேட்டான்.
கை வழுக்கியது என்றேன்.

நோயல் தொப்பியைக் கழற்றவில்லை.
தோளைத் தேய்த்துக்கொண்டு
இன்னும் எத்தனை என்றார்.
ரேடியோவில் கொலீன்:
வாசலில் அடுத்த லொறி,
நான் தயாரா?