நான்கு இடைவெளி

செவ்வாய்ப்பேட்டையில்
தராசு பழுதுபார்க்கும் கடைக்கு மேல்மாடி என் அறை.
கீழே நாளெல்லாம் எடைக்கல் இரும்பில் மோதும்.
மேலே, நான் எழுதிய எடைக்கணக்கு நிரலை
முகம் தெரியாத பதினேழு பேர்
திருத்திக்கொண்டிருந்தார்கள்.
யாருக்கும் சம்பளமில்லை. எனக்கும்தான்.

ஆளுக்கொரு கை.
ஒருவர் அடைப்புக்குறியை அதே வரியில் திறப்பார்,
ஒருவர் அடுத்த வரியில்.
தார்வாட்காரர் ஒருவர்
எல்லா மாறிகளுக்கும் தன் மகள் பெயரையே வைத்தார்,
ஒன்று இரண்டு என்று எண் போட்டு.

ஒரு மழைநாளில்
தட்டுவடை செட்டின் சட்னியை விரலிலிருந்து துடைத்துவிட்டு
விதிகள் எழுதினேன்.
உள்தள்ள நான்கு இடைவெளி. டேப் கூடாது.
எண்பது எழுத்துக்குமேல் வரி ஓடக் கூடாது.
பெயர் தானே பேச வேண்டும்.
என்ன செய்கிறாய் என்பதை நிரல் சொல்லும்,
ஏன் என்பதைக் குறிப்பில் சொல்.
மாற்றத்துக்குத் தலைப்பு ஐம்பது எழுத்துக்குள்.

லீ பஜாரில் மூட்டைகளை
ஒரே மட்டத்தில் அடுக்கி முடித்தவன் போல
அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

கார்த்திகையில் வந்தது இருதயராணியின் திருத்தம்.
ஏற்காட்டில், நாகலூர்ப் பக்கம்,
காப்பித் தோட்டமொன்றில் எடைமேடைக் கணக்கு அவருக்கு.
பதினொரு வரி.
ஏழாவதில் டேப்.
திருப்பி அனுப்பினேன்.

நான்கு நாள் கழித்து மீண்டும் வந்தது.
சிக்னலுக்காகப் பன்னிரண்டாம் கொண்டை ஊசி வளைவுவரை
இறங்கி வரவேண்டும் சார், தாமதத்துக்கு மன்னிக்கவும்.
இப்போது டேப் இல்லை,
ஒரு வரி எண்பத்து மூன்று எழுத்து.
திருப்பி அனுப்பினேன்.
மரியாதையாகத்தான்.
விதி எத்தனையாவது என்று எண்கூடக் குறிப்பிட்டு.

பிறகு குறிப்பு இல்லை என்றேன்.
பிறகு கடைசி வரிக்குப்பின் வெற்றுவரி இல்லை என்றேன்.
பத்தொன்பது நாள்.
ஒவ்வொரு முறையும் வளைவுக்கு இறங்கி, ஏறி,
சரிசெய்தேன் சார்.

தலைப்பை நான் ஒருநாளும் வாசிக்கவில்லை,
எழுத்தைத்தான் எண்ணியிருந்தேன்.
பத்தொன்பதாம் நாள், மின்வெட்டில்,
மடிக்கணினி வெளிச்சம் மட்டும் இருந்தபோது வாசித்தேன்:
கூடைக்கு முந்நூறு கிராம் விழுங்குகிறது.

ஐம்பது எழுத்துக்குள்தான் இருந்தது.

கூடைகளைக் கூட்டிய பிறகு வெட்டவேண்டிய பின்னத்தை
என் நிரல் கூட்டும் முன்பே வெட்டியிருக்கிறது.
பழம் பறிப்பவர்களுக்குக் கிலோக் கணக்கில் கூலி.
ஒரு கூடைக்கு முந்நூறு, இன்னொன்றுக்கு அறுநூறு,
அறுவடை தொடங்கிய நாளிலிருந்து
யார் கையிலும் சேராத பழம்
என் மாடியில் குவிந்துகொண்டிருந்தது.

வெட்டிய இடத்தில் நின்ற மாறியின் பெயர் டி2.
டி என்றால் என்ன?
எந்த மடையன் எழுதியது என்று வரியின் வரலாற்றைக் கேட்டேன்.
கணினி ஒளிக்காது.
என் பெயரைச் சொன்னது, நான்காண்டுக்கு முந்தைய
ஒரு செவ்வாய்க்கிழமையைச் சொன்னது,
இரவு இரண்டே கால் என்றது.
பெயர் தானே பேச வேண்டும்.
பேசியிருந்தால் அன்றே பிடித்திருக்கலாம்.
அதனால் விதிமேல் பழிபோடவும் முடியவில்லை.

திருத்தத்தை ஏற்றேன்.
பத்தொன்பது நாளுக்கு எத்தனை கிலோ என்று
கணக்குப் போட்டு அவருக்கு எழுதினேன்.
பழைய சீட்டுகளை வைத்து மேலாளரிடம் பேசிவிட்டேன் சார்,
பாதியை ஒத்துக்கொண்டார் என்று பதில் வந்தது.
மீதியைப் பற்றி அவரும் எழுதவில்லை,
நானும் கேட்கவில்லை.

விதிகளின் தலைமாட்டில் இரண்டு வரி சேர்த்தேன்.
பழுது தீர்க்கும் மாற்றத்தை முதலில் உள்ளே விடு.
இடைவெளியைப் பிறகு நீயே தட்டிக்கொள்.
சரிபார்க்க இருதயராணிக்கே அனுப்பினேன்.

ஐந்தாம் நாள் பதில்:
நல்லது சார். ஆனால் இரண்டாம் வரியின் கடைசியில்
தேவையில்லாத ஒரு இடைவெளி இருக்கிறது.

கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். தெரியவில்லை.
கர்சரைக் கொண்டுபோய் வைத்து
ஒருமுறை பின்னோக்கித் தட்டினேன்.