விடை: ஈ

ஆறு ஐம்பது பஸ். ஒண்டிக்கடையில் பனி கலையவில்லை.
மடியில் இரண்டு ஹால் டிக்கெட்,
ஒரு டிபன் பாக்ஸ், வாந்திக்கு எலுமிச்சம்பழம்.
என்னுடையது உணவுப் பாதுகாப்பு மேற்பார்வையாளர்
(ரெஜினா என்பதை ரேசினா என்று அடித்திருக்கிறார்கள்).
நாத்தனார் சலேத்துக்கு, நோயாளர் உதவியாளர்.

இருபது வளைவு. வளைவுக்கு ஒரு கேள்வி
என்பது பேச்சு.

முதல் கேள்வி அவளுடையது:
ஆபத்தான வெப்பநிலை எது?
ஐந்துக்கு மேல், அறுபதுக்குக் கீழ்.
"அப்படின்னா இந்த மலையே ஆபத்துதான் அண்ணி,
நம்ம ஒடம்பும்."

பதினேழில் நான் கேட்டேன்:
படுக்கையில் கிடப்பவரை
எத்தனை மணிக்கு ஒருமுறை புரட்ட வேண்டும்?
யோசிக்கவே இல்லை. ரெண்டு.
மாமனாரை நாலு வருஷம் புரட்டியவள்,
தலைமாட்டில் அலாரம் வைத்து.
அதற்கு யாரும் ஹால் டிக்கெட் அனுப்பவில்லை.

பதினான்கில், எதிர் சீட்டுக்காரர்
ஜன்னலை எட்டுவதற்குள் எடுத்துவிட்டார்.
எங்கள் இரண்டு புத்தகத்திலும் வாந்திக்கு ஒரு பாரா உண்டு.
கையுறை, பிளீச்சிங், பத்து நிமிஷம்,
ஒரே மூச்சில் ஒப்பித்தோம்.
பிறகு எலுமிச்சம்பழத்தைக் கொடுத்தோம்.

கை கழுவுவது இருபது விநாடி.
அதுவும் இரண்டிலும் உண்டு.
எங்கள் ஹாஸ்டல் கிச்சன் குழாயில்
ஏழு மணிக்கு மேல் காற்றுதான் வரும்,
அது எதிலும் இல்லை.

ஒன்பதாம் வளைவு.
சமையல் செய்பவருக்கு வயிற்றுப்போக்கு.
என்ன செய்ய வேண்டும்?
அ. மாத்திரை போட்டுக்கொண்டு சமைக்கலாம்.
ஆ. கையுறை போட்டுக்கொண்டு பரிமாறலாம்.
இ. பாத்திரம் மட்டும் கழுவலாம்.
ஈ. சொல்லிவிட்டு வீட்டில் இருக்க வேண்டும்;
நின்ற பிறகும் நாற்பத்தெட்டு மணி நேரம்
அடுப்படிப் பக்கம் வரக்கூடாது.

"ஈ!" என்று அவளே சொல்லிச் சிரித்தாள்.
"கிச்சன்ல ஈயே கூடாதும்பாங்க, இங்க ஈதான் சரி."

நான் சிரிக்கவில்லை.

போன ஜூன். இருநூற்றுப் பத்துப் பிள்ளைகள்.
மேனேஜர் போனில் சொன்னது:
ஒரு நாள் சமாளிங்க ரெஜினா, ஆள் இல்ல.
எனக்கும் அந்த ஒரு நாள் கூலி இல்லாமல் ஆகாது.
காலையில் உப்புமா, மத்தியானம் தயிர்சாதம்.
தயிர்சாதத்தைக் கையால்தான் பிசைவேன்,
அப்போதுதான் கட்டி உடையும்.
வியாழக்கிழமை மூன்றாம் டார்மிட்டரியில்
இரண்டு பெண் குழந்தைகள் படுத்துவிட்டார்கள்.
ஒருத்திக்கு டிரிப்ஸ் ஏற்றினார்கள்.
தண்ணி மாறினதால என்றார் வார்டன்.
இருக்கலாம்.
யாரும் என்னைக் கேட்கவில்லை.
இருக்கலாம்.

சலேத்து என் முகத்தைப் பார்த்தாள்,
பிறகு ஜன்னலை.
கீழே வெள்ளைக்கல் கரடு,
அதற்கப்பால் வெயிலில் சேலம்.
எட்டிலிருந்து ஒன்று வரை
யாரும் எதுவும் கேட்கவில்லை.
காது அடைத்தது, திறந்தது.
அடிவாரத்தில் ஸ்வெட்டரைக் கழற்றினோம்.

அஸ்தம்பட்டிப் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சென்டர்.
முப்பத்தொன்றாவது கேள்வியாக அது வந்தது,
ஒரு சொல் மாறாமல்.
மவுஸ் எனக்குப் பழக்கமில்லை.
அம்புக்குறி அ மேல் நின்றது, ஆ மேல் நின்றது,
ஈ மேல் போய் உட்கார்ந்தது.
அமுக்கினேன்.
ஒரு மார்க்.

சாயந்திரம் தட்டுவடை செட்.
காசு வாங்கிய கையாலேயே
கேரட் துருவலை அள்ளி வைத்தார் கடைக்காரர்.
இரண்டு பேரும் பார்த்தோம்.
இரண்டு பேரும் சாப்பிட்டோம்,
சலேத்து இன்னொரு செட் வாங்கினாள்.

ஏறும்போது இருட்டிவிட்டது.
ஒன்பதாம் வளைவு போர்டில் ஹெட்லைட் பட்டதும்
மெதுவாகக் கேட்டாள்:
"அதுக்கு என்ன போட்டீங்க அண்ணி?"

ஈ, என்றேன்.

இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை.