பதினான்கில் சுழியம்

என் திரையில் அது ஒரு கட்டம்.
பன்னிரண்டும் அதற்கு மேலும் என்றால் பச்சை.
குறைந்தால் சிவப்பு.

டிசம்பர். ஔலுவில் இரண்டு மணிக்கே இருட்டிவிட்டது.
ஆண்டுக் கணக்கு முடிக்கும் வாரம்.
நோயாளியின் பெயர் எனக்கு வராது.
பிறந்த ஆண்டு வரும்: அறுபத்திரண்டு.
ஆண். பெருங்குடலின் வலப்பக்கம்.
வெட்டியெடுத்த நீளம் இருபத்தேழு சென்டிமீட்டர்.
ஆராய்ந்த நிணநீர் முடிச்சுகள் பதினொன்று.
அவற்றுள் புற்று கண்டவை, சுழியம்.

சுழியம் நல்ல சேதிதான்.
ஆனால் பதினொன்றில் சுழியம் என்பது
தெருவில் பாதி வீட்டைத் தட்டிவிட்டு
ஊரில் ஆளே இல்லை என்று திரும்புவது.

கீழ்த்தளத்துக்குப் பேசினேன்.
ரைலி கெம்பைனன் எடுத்தார்.
"ஒன்றே ஒன்றுதான் குறைகிறது" என்றேன்.
"பெரியது எதையாவது
இரண்டாக நறுக்கித்தானே கண்ணாடியில் வைத்திருப்பீர்கள்?"

மறுமுனையில் குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம்.
அப்புறம் அதுவும் நின்றது.
என்ன கேட்டேன் என்பது
எனக்கே அப்போதுதான் கேட்டது.

"வாளியை இன்னும் கொட்டவில்லை.
பார்ப்பதானால் இறங்கி வா."

ஏழு வருடமாக எண்களைக் கூட்டுகிறேன்.
அவை எங்கிருந்து ஏறி வருகின்றன என்று
ஒரு படி இறங்கிப் பார்த்ததில்லை.

ஃபார்மலின் கண்ணைக் கரித்தது.
பலகைமேல் மெழுகாய் இறுகிய மஞ்சள் நிணம்.
அவர் கண்ணால் தேடவில்லை.
கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே
நசுக்கி நசுக்கி நகர்த்தினார்,
பிள்ளையின் சட்டை விளிம்புக்குள் போன
குண்டூசியைத் தடவுவது போல.

"செப்டம்பரில் காட்டுக்குப் போவாயா, பழம் பறிக்க?"
"போவேன்."
"கையாலா, சீப்புப் பெட்டியாலா?"
பெட்டி என்றால் ஒரு இழுப்பில் கால் வாளி நிறையும்,
இலையும் பாசியும் சேர்த்து.
"பெட்டிதான்."
நிமிராமல் சிரித்தார்.

"சிலருக்கு இருப்பதே குறைவு.
வயதானால் சுருங்கும். கதிர் பட்டால் கரையும்.
கத்தி பிடித்தவர் ஒட்ட வெட்டினாலும் குறையும்.
வெள்ளிக்கிழமை சாயங்காலம்
எனக்கு முதுகு வலித்தாலும் குறையும்.
எதனால் என்று எழுத
உன் சிவப்பில் இடமிருக்கிறதா?"

இல்லை.

மிச்சக் கொழுப்பைச் சாராயக் கரைசலில் ஊறப்போட்டார்.
வெளுக்கட்டும், நாளைக்குத் தெரியும் என்றார்.

மறுநாள் மதியம் அவரே கூப்பிட்டார்.
மூன்று.
மிளகளவு ஒன்று, எள்ளளவு இரண்டு.

கதையென்றால் அந்த எள்ளில்தான்
நோய் ஒளிந்திருக்க வேண்டும்.
நானும் அதைத்தான் எதிர்பார்த்தேன்,
வெட்கத்தோடு சொல்கிறேன்,
கொஞ்சம் ஆசைப்பட்டேன் என்றுகூடச் சொல்லலாம்.
நான்கு நாள் கழித்து நுண்ணோக்கியிலிருந்து பதில் வந்தது.
மூன்றும் சுத்தம்.

பதினொன்றில் சுழியம் பதினான்கில் சுழியமானது.
சுழியம் அதேதான்.
அது நிற்கிற தரைதான் வேறு.

பதினொன்றோடு நின்றிருந்தால்
எதற்கும் இருக்கட்டும், ஆறு மாதம் மருந்தேற்றலாம்
என்று பேச்சு வந்திருக்கும்.
இப்போது வேண்டாம் என்று சொல்லியிருப்பார்கள்.
அறுபத்திரண்டில் பிறந்த அந்த ஆள்
வாகன நிறுத்தத்தில் காரின் கண்ணாடியிலிருந்து
பனியைச் சுரண்டித் தள்ளிவிட்டு
வீட்டுக்குப் போயிருப்பார்.
எனக்குத் தெரியாது.
நான் எழுதிக்கொள்ளும் படம் அது.

ஜனவரியில் அறிக்கை அச்சாகி வந்தது.
தொண்ணூற்றொரு விழுக்காடு பச்சை.
கூட்டத்தில் யாரோ கைதட்டினார்கள்.
என் பதினான்கைத் தேடினேன்.
மற்றப் பதினான்குகளின் நடுவே
அதே பச்சையில் நின்றது,
அடையாளம் சொல்ல ஒரு மச்சமில்லை.

குழாய் நின்ற அந்த நொடி,
வாளியைக் கொட்டாமல் வைத்திருந்த கை,
தொலைபேசியில் நான் கேட்ட கேள்வி,
எதற்கும் கட்டமில்லை.